ஹாரனும் மங்கிய விளக்கும்

ஐப்பசி 12, புதன்கிழமை, மாலை மணி 6.40

பொருள்: என் கண்பார்வை குறித்து

அன்பர்களே,

இரவில் ஓட்டும்போது சாலை திடீர் திடீரென மங்குகிறது என்று சொன்னதற்கு, "கண்ணு போச்சுப்பா, காரை வித்துடுங்க" என்றான் மகன். நானும் அரைமனதாகச் சம்மதித்துவிட்டேன்.

நேற்று இருட்டிய பின் ஒரத்தநாட்டிலிருந்து திரும்பினோம். சாலையோரம் காயப்போட்ட நெல்லை அள்ளிக்கொண்டிருந்தவர்களுக்காக ஹாரன் அடித்தபடியே வந்தேன்.

அருகிலிருந்த மனைவி கேட்டாள்: "ஏங்க, நீங்க ஹாரன் அடிக்கிறப்பல்லாம் எனக்கும் ரோடு மங்குதே. எனக்குமா கண்ணு போச்சு?"

இன்று தஞ்சாவூரில் எலக்ட்ரீஷியனிடம் காட்டினோம். கூடுதல் விளக்கும் பெரிய ஹாரனும் பொருத்திய கடையில், இரண்டையும் காரின் இரும்பு உடம்போடு இணைக்கும் எர்த் வயர்களை ஒரே திருகில், பெயிண்டின் மேலேயே முடுக்கியிருந்தார்கள். பெயிண்ட் மின்சாரத்தைத் தடுத்ததால், ஹாரன் அடித்தால் விளக்குக்குப் போதவில்லை.

எலக்ட்ரீஷியன் பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் தனித்தனியாக முடுக்கினார். ஹாரன் அலறியது, சுவரில் விழுந்த வெளிச்சம் அசையவே இல்லை.

"கண்ணு நல்லாத்தான் சார் இருக்கு. கையைத்தான் ஹாரன்லேருந்து கொஞ்சம் எடுங்க" என்றார்.

கார் விற்பனைக்கு இல்லை எனத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இணைப்பு:
1. சுரண்டிய இடத்தின் படம்.
2. அதைப் பார்த்த பிறகும் மகன் அனுப்பிய பதில்: "எதுக்கும் பகல்லயே ஓட்டுங்கப்பா."

இரண்டாவதற்கு என்ன பதில் எழுதலாம்?