கப்பல் அறையில் ஏற்றிய கற்பூரம்

வெட்கத்தால் மூன்று வருடமாக இதை எழுதாமலே இருந்தேன். நாங்கள் ஆவடி கோவில்பதாகையில் இருக்கிறோம். கணவர் ஓய்வு பெற்றதும் மகள் எங்களைச் சென்னையிலிருந்து சுற்றுலாக் கப்பலில் அனுப்பினாள். தீப்பற்றும் பொருள் எதுவும் கொண்டுவரக் கூடாது என்று கப்பல்காரர்கள் முன்பே சொன்னார்கள். சாமிக்குத்தானே என்று கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் மஞ்சள்தூள் டப்பாவுக்குள் மறைத்து வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அறையில் அம்மன் படத்துக்கு ஆரத்தி காட்டினேன். கப்பல் லேசாக ஆடியதில் தட்டு சாய்ந்து திரைச்சீலை பற்றிக்கொண்டது. அபாய மணி அலறியது. கணவர் ஈரத்துண்டால் அடித்து அணைத்தார்.

"இன்னாம்மா, நம்ம ஊடுன்னு நெனச்சுக்கினியா? இங்க தீ புடிச்சா எங்க எறங்கி ஓடுவே?" என்றார்.

கதவைத் திறந்தால், எதிர் அறைப் பெண் கைக்குழந்தைக்கு மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு நடுங்கி நின்றாள். கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "கொழந்தைக்கு ஒண்ணும் ஆகல, போங்கக்கா" என்றாள். என் முகத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை.

இப்போதெல்லாம் வெளியூர்ப் பயணத்தில் ஒரு பூ வைத்துக் கும்பிடுவதோடு சரி. அம்மன் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. கப்பல் ஏறப் போகிறவர்களிடம் இதை அப்படியே சொல்லுங்கள். என் தப்பைக் குறைத்துச் சொல்ல வேண்டாம்.