கைப்பிடியில் கட்டிய துணி

வீடு கட்டும், இடிக்கும் வேலைகளுக்குப் பெரிய மெஷின்களை வாடகைக்கு விடும் அந்த யார்டில் அவளை எல்லோரும் பைப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் கேட் திறந்ததும் ரப்பர் பைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். வெளியே போய்த் திரும்பிய கலவை மெஷின், தரை தட்டும் மெஷின், குட்டிப் பொக்லைன் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து நிழலில் நிறுத்துவது அவள் வேலை. பேச்சு குறைவு. யாராவது நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை சொல்லுவாள். அதையும் பைப்பைப் பார்த்துத்தான் சொல்லுவாள்.

கண் மட்டும் சும்மா இருக்காது. மெஷினில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் எங்கோ குளியலறையில் டைல்ஸை மாற்றுகிறார்கள். புகை ஏறிய காரை வந்தால் யாரோ சமையலறையைப் பெரிதாக்குகிறார்கள். ஈரமண் அப்பியிருந்தால் புதிதாக ஒரு அறைக்கு அஸ்திவாரம். அந்த வீடுகளில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. அழுக்கு மட்டும்தான் அவளிடம் வரும். தண்ணீரை அடித்துக்கொண்டே அந்த அறைகளில் கொஞ்ச நேரம் குடியிருந்துவிட்டு வருவாள்.

அவள் இருப்பது அண்ணன் வீட்டின் கடைசி அறை. தனக்கென்று ஒரு குடும்பம் அமையாமல் போனபோது, "இங்கயே இரு" என்று அண்ணன் சொன்னான். இருந்துவிட்டாள். ஒரு காலத்தில் கிடங்காக இருந்த கட்டடம் அது. பின்சுவர் கருங்கல்லும் கான்கிரீட்டும் கலந்து, ஒரு முழத் தடிமன். ஜன்னல் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு.

அந்தத் தெருவை அவள் காதால் மட்டும் அறிவாள். செயின் உரசுகிற ஒரு சைக்கிள். தொண்டையைச் செருமிக்கொண்டே நடக்கிற ஒருவர். அப்புறம், சாயங்காலமானால் ஒரு பெண்ணின் சிரிப்பு. கூட வருகிறவர் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லுவார், என்னவென்று கேட்காது. உடனே குடம் சரிந்து தண்ணீர் கொட்டியதுபோல அவள் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே கடந்து போய்விடுவாள்.

யார் அவள்? அப்படிச் சிரிக்க வைக்கிறவர் புருஷனா, கூடப் பிறந்தவரா? அப்படி என்னதான் சொல்லுவார்? கட்டிலில் உட்கார்ந்து பைப்பக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

சுற்றிக்கொண்டு போய்ப் பார்க்காமலும் இல்லை. முனை திரும்பி அங்கே சேர்வதற்குள் சிரிப்பு போய்விட்டிருந்தது. வேலையில்லாமல் ஒரு பெண் தெருவில் நின்றால் சும்மா விடுவார்களா? "யாரும்மா வேணும்?" என்று கடைக்காரர் கேட்டார். அவள் ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். இன்னொரு நாள் போனபோது இன்னொரு தீப்பெட்டி. தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதற்கு ஒரு ஜன்னல் வேண்டும்.

அதைக் கேட்க அவளுக்குப் பல வருஷம் பிடித்தது.

"அண்ணா, பின்சுவர்ல ஒரு ஜன்னல் வச்சுக்கட்டுமா?"

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். தங்கை வாயைத் திறந்து ஒன்று கேட்டதே அவனுக்கு ஆச்சரியம். "தாராளமா வச்சுக்க. ஆனா அந்தச் சுவரு லேசுல மசியாது, பாத்துக்க."

மசியத்தான் இல்லை. மேஸ்திரி ஒரு வாரம் உளியோடு மல்லுக்கட்டி, மேலே காடி வெட்டி, பாரம் தாங்க லிண்டல் பலகையைச் செருகினார். அதற்குக் கீழே சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டார். "கோட்டுக்குள்ள இருக்கிறத உடைக்க என்னால ஆகாதும்மா. உங்க யார்டுல கல்லுடைக்கிற பிரேக்கர் மெஷின் இருக்குமே, அத எடுத்துட்டு வா" என்று கையை உதறிவிட்டுப் போனார்.

யார்டில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது ஒரு மெஷின் பேசி முடிந்தால் அதன் கைப்பிடியில் ஒரு துணியைக் கட்டிவிடுவார்கள். துணி கட்டிய மெஷினை முதலாளியே தொடமாட்டார். கேட்டைத் தாண்டும்போது துணியை அவிழ்த்துவிடுவார்கள். கட்டுவதும் அவிழ்ப்பதும் பைப்பக்காதான்.

பிரேக்கரில் தன் பழைய பச்சைத் துணியைக் கிழித்துக் கட்டினாள்.

"உனக்கு எதுக்கும்மா வாடகை? ஞாயித்துக்கிழமை சும்மா எடுத்துட்டுப் போ" என்றார் முதலாளி.

"இல்லண்ணே. வாடகைக்கே குடுங்க."

சும்மா வந்த பொருளில் எல்லோருக்கும் பங்கு உண்டு. வாடகை கொடுத்தால் ஒரு நாளாவது அது தன்னுடையது என்று அவள் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வேனுக்குப் பின்னால், பிரேக்கருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை இழுத்துக்கொண்டு யார்டு ஆள் டமாரம் வந்து சேர்ந்தான். பிரேக்கர் பிடித்துப் பிடித்துக் காது மந்தமாகி, எதையும் கத்தியே பேசுவதால் அவனுக்கு அந்தப் பெயர். பைப்பக்காவும் அதே வேனில்தான் வந்தாள். யார்டு கேட்டைத் தாண்டும்போதே, கை பழக்கத்தில் கைப்பிடித் துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

சுவருக்குப் போக முற்றத்தைக் கடக்க வேண்டும். முற்றத்தில் அண்ணன் நின்றிருந்தான்.

"வந்தது வந்துச்சு, இந்தச் சிமெண்ட் மேடைய ஒரு தட்டு தட்டிட்டா தேவலை. ஆளாளுக்கு இடறி விழறோம்."

டமாரம் அவளைப் பார்த்தான். "பைப்பக்கா! தட்டவா?"

அவள் காற்றுக் குழாயைப் பார்த்துக்கொண்டு, "ம்" என்றாள்.

ஒரு தட்டில் போகிற மேடையா அது? சத்தம் தெருவையே கூட்டியது. எதிர்வீட்டு டெய்லர் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிவந்தார்.

"அக்கா, நம்ம வீட்டு மெஷின்தானே! வாசப்படி மட்டும். ரெண்டே நிமிஷம். கஸ்டமர் வரும்போதும் விழுறான், போகும்போதும் விழுறான்."

"நீ தைக்கிற சட்டையப் பாத்து மயங்கி விழுறானோ என்னவோ!" என்று டமாரம் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் கம்ப்ரசர் தெருவைத் தாண்டிவிட்டிருந்தது.

டெய்லருக்குப் பிறகு மாடிவீட்டம்மா. பின்கட்டில் உபயோகமில்லாமல் கிடந்த தண்ணீர்த் தொட்டி. "உனக்குப் புண்ணியமாப் போகும்டி தங்கம்" என்று பைப்பக்காவின் கன்னத்தைத் தொட்டாள். தொட்டபின் எப்படி மறுப்பது? ஒவ்வொரு தடவையும் டமாரம் "அடிக்கவா?" என்பான்; அவள் "ம்" என்பாள். நடுவில் ஒருதரம் அறைக்குள் போய் சாக்பீஸ் கட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

வெயில் சாய்ந்தபோது அண்ணிதான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க, இது யாரு காசுல வந்த மெஷின்? தெருவே சாப்பிட்டு முடிச்சாச்சு, சமைச்சவளுக்குத் தட்டு இல்ல! இவளும் ஒருத்தி. வாயில என்ன பூட்டா போட்டிருக்கு?" டமாரத்தைப் பார்த்து, "நீங்க உள்ள போங்க தம்பி" என்றாள்.

பொழுது சாய்ந்தபின் பிரேக்கர் ஓட்டக்கூடாது; அக்கம்பக்கம் சண்டைக்கு வரும். டமாரம் அவசர அவசரமாகக் கட்டத்தின் கீழ்மூலையில் உளியை வைத்தான். சுவர் அதிர்ந்தது. கல் சிதறியது, புழுதி பறந்தது. கடைசியில் ஒரு கல் அந்தப் பக்கம் விழுந்த சத்தம் கேட்டது. அத்தோடு அவன் நிறுத்திவிட்டான்.

"இருட்டிருச்சுக்கா!" என்று கத்தினான். பிறகு, அவனால் முடிந்த அளவு மெதுவாக, "காலையிலயே சொல்லியிருக்கலாம்லக்கா" என்றான்.

எல்லோரும் போனபின் அவள் தரையில் மண்டியிட்டு ஓட்டையில் கண்ணை வைத்தாள். முஷ்டி அளவுதான் இருந்தது. தெருவிளக்கு வெளிச்சத்தில் செயின் உரசும் சைக்கிளின் பாதிச் சக்கரம் போயிற்று. அப்புறம் தாழ்ந்த ஒரு குரல். அதன்பின் அந்தச் சிரிப்பு, சுவர் வடிகட்டாத முழுச் சிரிப்பு. அவளுக்குத் தெரிந்தது ஆடுகிற ஒரு கூடையும், அதைப் பிடித்திருந்த விரல்களும்தான். முகம் மேலே இருந்தது. மேலே கல் இருந்தது.

மறுநாள் காலை யார்டில் பிரேக்கரைக் கழுவினாள். அண்ணனின் மேடை சாம்பலாக ஓடியது. டெய்லரின் படி, மாடிவீட்டம்மாவின் தொட்டிப் பாசி எல்லாம் வரிசையாகச் சாக்கடைக்குப் போயின. கடைசியில், உளியின் நுனியிலிருந்து கொஞ்சம் கறுப்புப் பொடி. அதைக் கழுவாமல் விரலால் துடைத்துப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இந்த அழுக்கு ஒன்றுதான் தெரிந்த அறையிலிருந்து வந்தது.

மெஷினை நிழலில் நிறுத்தி, மடியிலிருந்த பச்சைத் துணியை எடுத்துக் கைப்பிடியில் இறுக்கிக் கட்டினாள்.

முதலாளி அந்தப் பக்கம் வந்தவர் நின்றார். "இது யாருக்கும்மா?"

"எனக்கு."

"நேத்துதானே எடுத்துட்டுப் போனே?"

"நேத்து தெருவுக்கு. வர்ற ஞாயிறு எனக்கு. வாடகைக்குத்தான்." பிறகு டமாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். "சுவரு உடையிற வரைக்கும் துணிய நான் அவுக்கமாட்டேன். நான் அவுத்தாலும் நீ விடாத."

"என்னது?" என்று கத்தினான் டமாரம். அவள் இன்னொரு தரம், உரக்கவே சொன்னாள். யார்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் சைக்கிள் போயிற்று. செருமல் போயிற்று. தெருமுனையில் அந்தச் சிரிப்பு வரும் நேரம். அவள் ஓட்டைக்குக் குனியவில்லை. எழுந்து, சாக்பீஸ் கட்டத்துக்கு நேராக, தன் முகம் எங்கே வருமோ அந்த இடத்தில், கல்லைப் பார்த்தபடி நின்றாள்.