நீல ஜீப்புக்கு ஒரு விரல்

ஜார்ஜ் ஜீப் வாங்கப்போகிறாராம் என்கிற சேதி சத்தியநாதனிடம் வந்து சேர்வதற்குள் இரண்டு வாய் மாறியிருந்தது. மெக்கானிக் ஷெட்டில் யாரோ பேசியதை, சத்தியநாதன் மேசைக்குத் தோல் எடுத்துவரும் பச்சையப்பனின் மச்சான் கேட்டிருக்கிறான். அவன் பச்சையப்பனிடம் சொல்ல, பச்சையப்பன் தோல் கட்டை மேசையில் இறக்கிவைத்த கையோடு இவரிடம் சொல்லிவிட்டான்.

"சும்மா ஜீப் இல்லியாம் சார். முன்சக்கரமும் சேந்து இழுக்குமாம். ரோடே இல்லாத எடத்துக்கும் போவுமாம். ஒங்க சகலைக்கு இன்னா கொறச்சல்!"

"வேலையப் பாருடா" என்றார் சத்தியநாதன்.

ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை ஒன்றில் அவர் செலக்டர். பதினேழு வருஷமாக ஒரே ஜன்னல், ஒரே மேசை. தோலை விரித்து மேல்பக்கத்தைக் கண்ணால் பார்ப்பார். உள்பக்கத்தை விரலால் தடவுவார். உரிக்கும்போது பட்ட கத்திக் கீறலை எவ்வளவு சாமர்த்தியமாக மறைத்திருந்தாலும் அவர் விரல் அங்கே போய் நின்றுவிடும். ஒன்றாம் தரம், இரண்டாம் தரம், கழிவு. அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஜார்ஜ், சத்தியநாதனின் மனைவி டோரதியின் தங்கை கிரேஸியைக் கட்டியவர். ஷூ கம்பெனியில் ஏற்றுமதி பார்க்கிறார்; வருஷத்துக்கு ஒருமுறை ஜெர்மனி. ஃபோனும் டி.வி.யும் ஜார்ஜ் வீட்டுக்குத்தான் முதலில் வந்தன. அதையெல்லாம் சத்தியநாதன் ஒருவழியாக விழுங்கிக்கொண்டார். ஜீப் மட்டும் தொண்டையில் நின்றது.

காரணம் மலைப் பயணம். டோரதியின் அப்பா ஒரு காலத்தில் ஜவ்வாது மலையில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். அவர் கல்லறை அங்கேதான். வருஷாவருஷம் மே மாதம் இரண்டு குடும்பமும் பஸ்ஸில் ஆலங்காயம் போய், குடும்பத்துக்குப் பழக்கமான துரைசாமியின் ரைஸ்மில்லில் இறங்கி இட்லி தின்றுவிட்டு, வண்டித்தடத்தில் நடந்தே மேலே ஏறுவார்கள். அந்த ஒரு நாள் சத்தியநாதன்தான் ராஜா. எந்த ஓடையை எங்கே தாண்டுவது, எந்தப் பாறையில் உட்காருவது, எல்லாம் அவர் வைத்த சட்டம். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கப் பின்னால் வரும் ஜார்ஜ், "அண்ணே, கொஞ்சம் மெல்லப் போங்கண்ணே" என்பார். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டே சத்தியநாதன் மிச்ச வருஷத்தை ஓட்டிவிடுவார்.

இனி அதுவும் இல்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜார்ஜே வந்தார்.

"அண்ணே, வாணியம்பாடில நயீம் பாய் ஷெட்ல ரெண்டு ஜீப் நிக்குது. எனக்குப் பெயின்ட்தான் தெரியும். நீங்க வந்து ஒரு கை வெச்சுப் பாத்துட்டாப் போதும்."

"நான் இன்னா மெக்கானிக்கா?"

"ஒங்க கைக்குத் தப்புமா எதுனா?"

புகழ்ச்சி இனித்தது. இனித்ததே எரிச்சலாகவும் இருந்தது. போனார்.

ஷெட்டில் ஒன்று பச்சை, ஒன்று நீலம். பச்சை சர்க்கார் ஆபீஸில் உழைத்துக் கழிந்த வண்டி. உடம்பெல்லாம் நசுங்கல்; சீட்டில் நார் தொங்கியது. நீலம் புதுப் பெயின்ட், புது ஹூட், உள்ளே அசல் தோல் சீட். நயீம் அகமது இரண்டையும் பாலாற்று மணலில் இறக்கி, சின்ன லிவரைத் தள்ளி, முன்சக்கரம் இழுப்பதைக் காட்டினார்.

"ரெண்டுமே இழுக்கும் சாப். ஆனா நீலம் நான் பிரிச்சுப் பாக்காத வண்டி, வந்தபடியே நிக்குது. நல்லாப் பாத்து எடுங்க. அப்புறம் பேஜார் ஆவக்கூடாது."

சத்தியநாதன் சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் புகுந்தார். பச்சையின் சேசிஸ் முழுக்க மேலாகத் துரு பிடித்திருந்தது, ஆனால் இரும்பு கெட்டி. நீலத்தின் அடியில் இடது முன்பக்கம், ஸ்பிரிங் தாங்கும் இடத்தில் விரல் நின்றது. முறிந்ததை ஒட்டவைத்து, தேய்த்து, பெயின்ட் பூசியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரிந்தது.

விற்கிறவன் எதிரில் தரத்தை வாயால் சொல்வது தோல் மண்டியில் வழக்கமில்லை. துண்டுக்கு அடியில் வாங்குகிறவன் கையைப் பிடித்து விரலால் சொல்ல வேண்டும். ஒரு விரல் என்றால் ஒன்றாம் தரம், இரண்டு விரல் என்றால் இரண்டாம் தரம், மூடிய கை என்றால் கழிவு. ஜார்ஜுக்கும் இது தெரியும். துண்டை நீட்டினார்.

"பச்சை?"

சத்தியநாதன் இரண்டு விரலை அழுத்தினார்.

"நீலம்?"

கையை மூடத்தான் நினைத்தார். அதற்குள் ஜார்ஜ், "நீலம் எடுத்தா மலைக்கு இனிமே யாரும் நடக்கவே வாணாம்ணே. ஒங்களுக்கும் வயசாவுது" என்று சிரித்தார்.

சத்தியநாதன் ஒரு விரலை அழுத்தினார்.

வழியில் எங்கேயாவது நின்றுபோகட்டும், எல்லார் முன்னாலும் அவமானப்படட்டும் என்றுதான் நினைத்தார். அதற்கு மேல் நினைக்கவில்லை. நினைக்க இடம் கொடுக்கவும் இல்லை.

மே மாதம், பயணத்தன்று காலை நீல ஜீப் வாசலில் வந்து நின்றது. சத்தியநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நாங்க பஸ்ல வர்றோம். நீ முன்னால போ" என்றார்.

"நான் சித்தப்பாகூட ஜீப்புல!" என்று அவருடைய எட்டு வயது மகள் ரோசலின் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

டோரதியும் ஏறினாள். "ஜீப்ப வெச்சுக்கினு எதுக்குங்க பஸ்ஸு? வீம்பு பண்ணாம நீங்களும் ஏறுங்க."

"எனக்கு இன்னிக்குத் தோல் லாட் பாஸ் பண்ணணும்."

"நேத்து லீவுன்னீங்களே?"

"நேத்து சொன்னேன். இன்னிக்கு இல்ல."

"ரோசி, எறங்கு" என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஏன் என்று கேட்பார்கள். விரலைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். கிரேஸி பார்ப்பாள், டோரதி பார்ப்பாள், ஜார்ஜ் பார்ப்பார். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் ஜார்ஜ் ஹாரன் அடித்து, "அண்ணே, மேல போய் ஒங்க பாறைல ஒக்காந்து ஒங்களத்தான் நெனைச்சுப்போம்!" என்றார். ஒங்க பாறை! சத்தியநாதன் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். ஜீப் தெருமுனையைத் திரும்பியது.

தொழிற்சாலைக்குத்தான் போனார். தோலை விரித்தார், தடவினார், தூக்கிப் போட்டார்.

"சார்," என்றான் பச்சையப்பன், "நல்ல தோலக் கழிவுல போடுறீங்க. இதோட ரெண்டு தோல் ஆச்சு."

சத்தியநாதன் தன் கையைப் பார்த்தார். ஒட்டவைத்த அந்த இடம் மட்டும்தான் விரலில் இருந்தது. வேறெதுவும் அதற்குத் தெரியவில்லை. இடது பக்கம். ரோசி எந்தப் பக்கம் உட்கார்ந்தாள்? முன்னால், இடது பக்கம்.

மேசையை அப்படியே விட்டுவிட்டு ஆபீஸ் அறைக்கு ஓடினார். மணி ஒன்பதரை. இட்லி தின்ன இந்நேரம் ரைஸ்மில்லில்தான் நிற்பார்கள். நிற்க வேண்டும். ஃபோனை எடுத்து, ஆலங்காயம் துரைசாமி ரைஸ்மில்லுக்கு அவசர டிரங்க் கால் கேட்டார். என்ன சொல்வது என்று யோசித்தார். வண்டியில் ஏறாதே என்றா? எனக்குத் தெரியும் என்றா? எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டால்? சொல்லிவிட வேண்டியதுதான். எல்லாவற்றையும், கிரேஸி கேட்கவே சொல்லிவிட வேண்டியதுதான்.

"ரிங் போவுது சார்," என்றாள் ஆபரேட்டர். "யாரும் எடுக்கல."

"விடாதீங்கம்மா. இன்னும் கொஞ்சம் அடிங்க."

ரிசீவரை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.