அபோண்டியின் வசவு

அபோண்டிக்குக் கோபம் வராத நாள் என்று விக்டோரியா ஏரிக்கரையில் ஒரு நாளும் விடிந்ததில்லை. மீன் நிறுப்பவன் தராசில் விரல் வைத்தால் கோபம், வைக்காவிட்டால் எப்போது வைப்பானோ என்று கோபம். படகுகளுக்குக் காற்று எச்சரிக்கை அனுப்பும் வானொலிக் குடிசை அவள் பொறுப்பில் இருந்தது.

முன்பெல்லாம் அவள் செய்தியைத் தட்டினால் அடுத்த நொடி ஒவ்வொரு படகிலும் வைத்திருந்த எச்சரிக்கைப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். அதற்கு ஒரு கடவுச்சொல் உண்டு. மறந்து போகக் கூடாதென்று நம் புத்திசாலிகள் அதைப் படகின் மூக்கில், படகின் பெயருக்குக் கீழேயே, மஞ்சள் சாயத்தில் எழுதி வைத்தார்கள். திருடர்களுக்கும் எழுதப் படிக்கத் தெரியும் அல்லவா? ஒருநாள் "புயல்" என்று பொய்ச் செய்தி வந்தது. எல்லோரும் விழுந்தடித்துக் கரையேறினார்கள். திரும்பிப் போய்ப் பார்த்தால் ஏரியில் விரித்திருந்த வலைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பிறகு திருடர்கள் படகோடு பேசும் பேச்சு வானொலியிலும் தெரிந்தவர் குரல் போலவே கத்தி ஏமாற்றினார்கள். அதிலிருந்து யார் குரலையும் எவனும் நம்புவதில்லை.

நகர அலுவலகம் வாஞ்சலா என்ற பொறியாளரை அனுப்பியது. செய்தி அசல்தான் என்று காட்ட அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு மின் முத்திரை கட்டினார். முத்திரை முழுதாக வந்து சேரும்வரை பெட்டி வாய் திறக்காது. ஒரு துண்டு காற்றில் தொலைந்தாலும் அடுத்த சுற்றுக்குக் காத்துக்கிடக்க வேண்டும். செய்தியோ நாலே சொல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அபோண்டி அவரிடமே சண்டைக்குப் போனாள்.

"காத்து அடிக்கும்போதுதான் சார் எச்சரிக்கை வேணும். அப்பதான் உங்க முத்திரை தொலையுது. செய்தி முதல்ல போகட்டும், முத்திரை பின்னால வரட்டும்."

"மறுபடி வலை திருடு போனா யாரும்மா பதில் சொல்றது?"

"வலை போனா அழுதுட்டு வேற பின்னிக்கலாம். ஆள் போனா?"

"விதின்னா விதிதான்."

"போய் ஏரிகிட்ட சொல்லுங்க உங்க விதியை!"

அடுத்த வாரமே ஒரு மதியம் மேற்கே வானம் கறுத்தது. அவளுடைய ஒரே மகன் ஒகோலாவின் படகுதான் எல்லாவற்றையும் விடத் தொலைவில் இருந்தது. செய்தியைத் தட்டினாள். குடிசைப் பெட்டி "சரிபார்க்கிறது" என்று காட்டிக்கொண்டே இருந்தது. பேச்சு வானொலியை எடுத்தாள்.

"ஒகோலா, மகனே, காத்து வருதுப்பா. திரும்பி வந்துடு கண்ணு."

மறுபடி கெஞ்சினாள். ஒரு படகும் திரும்பவில்லை. அவளுக்கு மண்டைக்கு ஏறியது.

அந்தக் கரையில் ஒவ்வொரு ஆணுக்கும் ஒரு வீரப் பெயர் உண்டு. பாட்டும் கூத்தும் நடக்கும் இடத்தில் அவனே எழுந்து நின்று அதை முழங்குவான். அபோண்டி அந்தப் பெயர்களையே பிடித்துக்கொண்டாள்.

"ஏரியின் முதலையாம்! டேய் ஒபுயா, மாமியார் வீட்டு நாய்க்குப் பயந்து மரத்துல ஏறின முதலைடா நீ! திருப்புடா படகை! இடி முழக்கமாம் நியாகா, பொண்டாட்டி இருமினா கட்டிலுக்கு அடியில பூந்துக்கிற இடி! திரும்புடா! ஒகோலா, மீசை முளைக்கிறவரைக்கும் பாயை நனைச்ச நாயே, பெத்தவ தொண்டை கிழியுதுடா!"

எந்தத் திருடனுக்கு இதெல்லாம் தெரியும்? ஒவ்வொன்றாகப் படகுகள் திரும்பின. ஒகோலா கடைசி. கரைக்குச் சற்றுத் தொலைவில் காற்று அவனைப் பிடித்துக்கொண்டது. படகு உடைந்தது. எண்ணெய்க் கேனைக் கட்டிக்கொண்டு மிதந்தவனை மற்றவர்கள் இழுத்துப் போட்டார்கள்.

அப்போதுதான் கரையேறிய படகுகளில் இருந்த பெட்டிகள் எல்லாம் கூவின: "புயல் எச்சரிக்கை. முத்திரை சரி."

அபோண்டி ஒன்றைத் தூக்கி ஏரியில் வீசினாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள்.

"முதல்ல கூப்பிட்டப்பவே வந்திருந்தா படகு மிஞ்சியிருக்குமேடா! காது என்ன அடைச்சா போச்சு?"

"கேட்டுச்சும்மா. உன் குரல் மாதிரியேதான் இருந்துச்சு. ஆனா 'மகனே', 'கண்ணு'ன்னுச்சு. திருட்டுப் பயலுக வேலைன்னு விட்டுட்டேன்."

"ஏன், பெத்தவ அப்படிக் கூப்பிட மாட்டாளா?"

"என்னைக்கும்மா கூப்பிட்டிருக்க?"

அபோண்டி திட்ட வாயைத் திறந்தாள். பிறகு தலைத்துணியை அவிழ்த்து அவன் ஈரத் தலையைத் துவட்டினாள்.