எங்களுக்குக் கேட்ட விசில்

மலையடி அணையின் காவலாளி யாரிடம் பேசினாலும் கண்ணைத் தண்ணீரில்தான் வைத்திருப்பார். ஒடுங்கிய கன்னம், வெளுத்த காக்கிச் சட்டை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ப்ளஸ் டூ படித்தபோது நானும் சேகரும் லாரி டியூபில் அந்த அணைக்குள் மிதந்து போனோம். அவர் விடாமல் விசில் ஊதினார்.

"ஏலே, காத்து திரும்புது! நடுவுக்கு இழுத்துட்டுப் போயிரும்!"

சிரித்துக்கொண்டே இன்னும் உள்ளே போனோம். டியூப் கவிழ்ந்தது. அவர் நீந்தி வந்து என்னைக் கரைசேர்த்தார். எத்தனை முறை முங்கியும் சேகர் உயிரோடு கிடைக்கவில்லை.

"ஒரு விசில் ஊதப்படாதா?" என்று சேகரின் அப்பா காவலாளியின் சட்டையைப் பிடித்துக் கதறினார்.

"ஊதுனேன்யா."

சேகரின் அப்பா என்னிடம் திரும்பினார். "கேட்டுச்சாலே?"

"கேக்கலை" என்றேன்.

காவலாளி என்னைப் பார்த்தார். "பய நடுங்குதான். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

மறுவாரம் அவருக்கு வேலை போயிற்று. உண்மையைச் சொல்ல நான் போகவில்லை. அவர் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.