ஐம்பது முட்டையும் ஒரு கிளிப்பும்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரி கனகா. பெங்களூரில் வேலை பார்க்கிற அவள் தம்பி ஏழுமலை. பக்கத்து நிலத்து சுப்பா ரெட்டி. முட்டை கொடுத்தவர் அவர்தான், குஞ்சில் பாதி அவருக்கு. கம்பளிக்குள் நாட்டுக்கோழி முட்டை ஐம்பது. அதையும் சேர்த்தால் ஐம்பத்துநாலு உயிர்.

குடிபாலாவில் எங்கள் வீட்டில் குஞ்சு பொரிக்கிற பெட்டி ஒன்று உண்டு. அன்று காலை அது படுத்துவிட்டது. முட்டை வைத்துப் பத்து நாள். உள்ளே கால் முளைத்திருக்கும். ஆறிப்போனால்... போயிற்று.

நல்லவேளை, ஏழுமலை புதுப் பெட்டி செய்து கொண்டுவந்திருந்தான். தகரப் பெட்டி. உள்ளே நகம் அளவு சிப். லேப்டாப்பிலிருந்து ஒயர் வழியாக புரோகிராம் ஏற்றினால், பல்பைத் தானே போட்டுத் தானே அணைக்கும். ஏற்றுவதுதான் பாக்கி. நாலு மணிக்கு அவனுக்குச் சித்தூரில் பஸ்.

முந்தின நாள் வெள்ளிக்கிழமை. புதுச் சாமான் வீட்டுக்கு வந்தால் கனகா சும்மா விடுவாளா? சந்தனமும் மஞ்சளும் குழைத்துப் பெட்டிக்குப் பொட்டு வைத்தாள். பக்கம், மூடி, கைப்பிடி... மொத்தம் பதினொன்று. கற்பூரம் காட்டினாள். நானும் கும்பிட்டேன்.

ஏழுமலை ஒயரை மாட்டினான். ஸ்கிரீனில் 'ரெடி' என்று வரவேண்டும். வந்தது கட்டம், கேள்விக்குறி, கொக்கி கொக்கியாக ஏதோ.

சுப்பா ரெட்டி எட்டிப் பார்த்தார். "ஏம் தம்முடு, இது தெலுங்கும் இல்ல, தமிழும் இல்ல. கன்னடமா?"

"குப்பை, ரெட்டிகாரு. ரெண்டுத்துக்கும் பேச்சு ஒத்துப்போவல."

அனுப்புகிற கம்பியையும் வாங்குகிற கம்பியையும் இடம் மாற்றினான். ஒன்றுமே வரவில்லை. பழையபடி போட்டான். குப்பை. வேகத்தைக் குறைத்தான். குப்பை நிதானமாக வந்தது. திருப்பதியில் வாங்கின கேபிளைத் திட்டினான். வேறு கேபிள் போட்டான். அதே குப்பை.

கனகா கம்பளிக்குள் கை விட்டுப் பார்த்தாள். "சூடு எறங்கிக்கினே வருதுடா. இன்னா பண்ணிக்கினு கீற?"

"இருக்கா, இரு. பாத்துக்கினுதான கீறேன்."

"இத்தப் பாக்கத்தான் பெங்களூர்ல வேலைக்கு வெச்சிக்கினு கீறானுங்களா?"

அவன் மூன்றாவது ஒயரைப் பார்த்தான். அது நெகடிவ். லேப்டாப்புக்கும் சிப்புக்கும் பொதுவான இணைப்பு அதுதான். அது சேராவிட்டால் இது சொல்வது அதற்கு விளங்காது. அந்த ஒயர் முனையில் முதலை வாய் மாதிரி ஒரு கிளிப். சிப்பின் நெகடிவைப் பெட்டித் தகரத்தோடு சேர்த்திருந்தான்; கிளிப் அந்தப் பெட்டியில் நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டைக் கவ்வியிருந்தது.

"கிளிப்பு லூசா கீதுபோல. அக்கா, ஒரு கையில அத்தப் புடி. இன்னொரு கைய பொட்டி மேல வெய்யி. ஆடாத."

பல்பு லைனைக் கழற்றித்தான் வைத்திருந்தான். அவளும் தைரியமாகப் பிடித்தாள்.

ரெடி.

கையை எடுத்தாள். குப்பை. பிடித்தாள். ரெடி.

"கனகம்மா, குஞ்சு வர்ற வரைக்கும் இப்டியே நின்னுக்கோ," என்றார் ரெட்டி. "சோறு நாங்க ஊட்டி வுட்றோம்."

"நல்லா கீது நாயம்," என்றாள். ஆனால் கையை எடுக்கவில்லை.

ஏழுமலை குனிந்தான். போல்ட்டை நகத்தால் சுரண்டினான். மஞ்சளாக உதிர்ந்தது. அதற்கும் ஒரு பொட்டு. ராத்திரியில் காய்ந்து கெட்டியாகி, கிளிப்புக்கும் இரும்புக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. கனகாவின் உடம்புதான் இவ்வளவு நேரம் ஒயர் வேலை பார்த்திருக்கிறது.

"அக்கா... இங்கயுமா வெச்ச?"

"அது மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சி?"

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். புரோகிராம் ஏறியது. பல்பு எரிந்தது. முட்டைகள் உள்ளே போயின. ஏழுமலை பஸ்ஸுக்கு ஓடினான்.

கோளாறு என்றால் எதையெல்லாம் சந்தேகப்படுகிறோம்? கேபிள், கடை, கரண்டு... ஆசையாய்ச் செய்த காரியத்தை யார் சந்தேகப்படுகிறார்கள்?

குஞ்சுகள் வந்தன. எல்லாம் இல்லை, ஆனால் ரெட்டி சிரித்துக்கொண்டே கூடை தூக்கிப்போகிற அளவுக்கு வந்தன.

போன வெள்ளிக்கிழமை அடுத்த ஈடு முட்டை வைத்தோம். கனகா பெட்டியைத் துடைத்தாள். சந்தனம் குழைத்தாள். பொட்டு வைத்தாள். அவள் உள்ளே போனதும் போய் எண்ணிப் பார்த்தேன்.

பத்து.