அமெரிக்கக்காரனுக்கு நான் படித்துக் காட்டிய பேப்பர்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்களில் ஓமானில், சோஹாரில், ஒரு கால்பந்து கிளப்பில் எனக்கு வேலை. மகன் ஃபுட்பால் கிளப்பில் இருக்கிறான் என்று ஊரில் வாப்பா பீற்றிக்கொண்டார். ஜெர்சி துவைப்பதும் பூட்ஸில் சேறு சுரண்டுவதும் பந்துக்குக் காற்றடிப்பதும்தான் என் ட்யூட்டி என்று நானும் சொல்லவில்லை.

பீற்றிக்கொள்வது எங்கள் குடும்ப வியாதி. எனக்கு அது அரபியில் வந்தது. தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோர ஊர் எங்களுடையது. ஐந்து வயதில் மதரஸாவில் உட்கார வைத்துவிடுவார்கள். எந்த அரபி எழுத்தைக் காட்டினாலும் கடகடவென்று ஓதுவேன். அர்த்தம்? அது யாருக்குத் தெரியும்! வெள்ளிக்கிழமைதோறும் லாண்டரி ரூமில் உட்கார்ந்து சத்தமாகக் குர்ஆனில் யாசீன் அத்தியாயம் ஓதுவேன். கிளப்பில் இருந்த மலையாளியும் பெங்காலியும் எனக்கு அரபி தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் மரியாதை போய்விடுமே.

அந்த சீசனில் ஒரு அமெரிக்கப் பையன் ட்ரையலுக்கு வந்தான். இருபது வயது, முகம் முழுக்கப் புள்ளி. அவன் நாட்டில் பெரிய கிளப் எதுவும் அவனை எடுக்கவில்லை. ஐரோப்பாவில் இரண்டு நாட்டில் கதவைத் தட்டிவிட்டு, யாரோ ஒரு ஏஜெண்ட் பேச்சைக் கேட்டு எங்கள் வெயிலில் வந்து விழுந்திருந்தான். இடது கால் மட்டும் சொன்ன இடத்துக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மற்றவர்கள் பூட்ஸைக் கழற்றி என் பக்கம் எறிவார்கள். இவன் தானே குழாயடியில் உட்கார்ந்து கழுவுவான். “ஏய், என் வேலையில கை வைக்காதே, சம்பளத்தைப் புடிச்சிருவானுங்க” என்று என் அரைகுறை இங்கிலீஷில் விரட்டுவேன். சிரித்துக்கொண்டே கழுவுவான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

இரண்டு வாரம் முடிந்ததும் கிளப்புக்கும் அவனைப் பிடித்துவிட்டது. ஒரு சீசன் ஆடு, நன்றாக ஆடினால் பிறகு ஐரோப்பாவுக்குப் போய்க்கொள் என்று மேனேஜர் வாயால் சொன்னார். கையில் கொடுத்தது நாலு பக்க அரபிப் பேப்பர். மறுநாள் காலை பத்து மணிக்குக் கையெழுத்து.

அங்கே பேப்பர் வந்தால் நாங்கள் யாரும் படிப்பதில்லை. எங்கெங்கே போடவேண்டும் என்று பென்சிலால் குறி போட்டிருப்பார்கள். “யல்லா, இங்க, இங்க, இங்க” என்பார்கள். போட்டுவிட்டு வருவோம். நான் வந்த நாளிலிருந்து எத்தனை பேப்பரில் போட்டேன் என்று எனக்கே தெரியாது. இந்தப் பையனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு நேராக என்னிடம் வந்தான்.

“உனக்குத்தான் அரபி படிக்கத் தெரியுமே. ஒரு சீசன்னுதானே போட்டிருக்கு? பாத்துச் சொல்லு” என்றான்.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பெங்காலி வேறு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பேப்பரை வாங்கி, தொண்டையைச் செருமி, நாலு பக்கத்தையும் ஓதினேன். குர்ஆனில் எழுத்துக்கு மேலும் கீழும் உச்சரிப்புக் குறி இருக்கும், வழுக்கிக்கொண்டு போகும். ஆபீஸ் அரபியில் ஒரு குறியும் கிடையாது. குத்துமதிப்பாக இழுத்து, நீட்டி, முடித்தேன். பையன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எல்லாம் சரியா இருக்கு. நல்ல பேப்பர்” என்றேன்.

அவன் என்னைக் கட்டிப்பிடித்தான். பேப்பரை என் மேஜையிலேயே வைத்துவிட்டு, அம்மாவுக்குப் போன் செய்ய ஓடினான்.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ரூமில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார், அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவேன். அவரிடம் சொன்னேன். “உனக்கு என்னத்துக்கு வாப்பா இந்த வேண்டாத வேலை? அவன் அமெரிக்கக்காரன், பொழைச்சுக்குவான். நீ உன் வாயை மூடிக்கிட்டு இரு” என்றார். மூடிக்கொண்டிருந்திருந்தால் வம்பே இல்லையே காக்கா, திறந்து தொலைத்துவிட்டேனே!

காலையில் பேப்பரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கிளப் பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் ஓமானி, பலூச்சி. அரபி பேசுவான், ஹிந்தியும் பேசுவான், ஆனால் பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. ஓர் எழுத்துத் தெரியாது. மைதானத்தில் பஸ்ஸை நிறுத்தியதும் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “பாய், நான் படிக்கிறேன், எனக்குப் புரியாது. உங்களுக்குப் புரியும், படிக்கத் தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு ஆள் ஆவோம்” என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு பேப்பரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தான்.

நான் எழுத்தெழுத்தாகப் படித்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். நான் தப்பாக இழுத்தால் “ஃபிர் ஸே, ஃபிர் ஸே” என்பான். மறுபடி படிப்பேன், சட்டென்று வார்த்தையைப் பிடித்துவிடுவான். இரண்டாம் பக்கத்தில் கையைத் தூக்கினான்.

“ஹம்ஸ் ஸனவாத். பாய், அஞ்சு வருஷம்.”

ஹம்ஸ் என்றால் ஐந்து என்று தினமும் கடையில் ரொட்டி வாங்குகிற எனக்குத் தெரியாதா? முந்தின நாள் அதே வார்த்தையை என் வாய் ஓதியது. காது கேட்கவே இல்லை. ஓதினால் போதும், கேட்க வேண்டியதில்லை என்றே வளர்ந்தவன் நான். அடுத்த வரி இன்னும் மோசம். கிளப் சம்மதம் இல்லாமல் இந்த ஐந்து வருஷமும் வேறு எங்கேயும் ஆடக்கூடாது. இருபது வயதில் கட்டிப்போட்டு இருபத்தைந்தில் அவிழ்த்துவிட்டால், எந்த ஐரோப்பா அவனை எடுக்கும்?

மணி பத்தாகிவிட்டது. ஆபீஸுக்கு ஓடினேன். பையன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், கையில் பேனா. மேனேஜர் விரலால் குறியைக் காட்டிக்கொண்டிருந்தார். கதவைத் தட்டாமல் உள்ளே போனேன். அந்த ஆபீஸுக்குள் அப்படி நான் போனதே இல்லை.

“போடாதே. ஒரு சீசன் இல்ல, அஞ்சு வருஷம். இவங்க விடாம நீ எங்கயும் ஆட முடியாது” என்றேன்.

பையன் முகம் சிவந்துவிட்டது. “நேத்து நல்ல பேப்பர்னு சொன்னியே!”

“பொய் சொன்னேன். எனக்கு அரபி தெரியாது. ஓத மட்டும்தான் தெரியும்.”

எத்தனையோ வருஷத்துப் பெருமை அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. போகட்டும், சனியன்!

மேனேஜர் எழுந்தார். “அரபி தெரியாதவன் எப்படிப் படிச்சே? யார் சொன்னது?” என்று ஹிந்தியில் கேட்டார்.

“நான்தான் படிச்சேன். யாருக்குப் புரிஞ்சதுங்கிறது என் பாடு” என்றேன். டிரைவருக்கு நாலு பிள்ளைகள்.

பையன் பேனாவை மேஜையில் வைத்தான். ஒரு வருஷத்துக்கு, இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தால் போடுகிறேன் என்றான். “கலாஸ், முடிஞ்சது” என்று மேனேஜர் பேப்பரை இழுத்துக்கொண்டார். பையன் மத்தியானமே துபாய் பஸ் ஏறினான். போகும்போது என்னிடம் கோபமாகத்தான் இருந்தான். இருக்க வேண்டியதுதான். பஸ் படியில் நின்று திரும்பி, ஒரு நொடி யோசித்துவிட்டுக் கை கொடுத்தான். பிறகு எங்கேயாவது ஆடினானா, எனக்குத் தெரியாது. அந்த ஐந்து வருஷம் அவன் கையில் இருந்தது, அது தெரியும்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். விசா கேன்சல் பேப்பர் மேஜையில் இருந்தது, பென்சில் குறியோடு. “யல்லா, இங்க” என்றார்.

நான் பேனாவை எடுக்கவில்லை. “என்ன எழுதியிருக்கு? படிச்சுச் சொல்லுங்க” என்றேன்.

முறைத்தார். நான் நகரவில்லை. கடைசியில் அவரே பேப்பரைக் கையில் எடுத்து, வரி வரியாக ஹிந்தியில் சொன்னார். என் சொந்த விருப்பத்தின் பேரில் நானாகவே வேலையை விட்டுப் போகிறேனாம்.

“நானா போகல, நீங்க அனுப்புறீங்க. அப்படியே எழுதுங்க, போடுறேன்.”

கத்தினார். மேஜையைத் தட்டினார். லாண்டரியில் துணி மலைபோலக் குவிந்து கிடந்தது, எனக்கு ஒரு அவசரமும் இல்லை. மத்தியான லுஹர் பாங்கு சொல்லி முடிகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். வேறு பேப்பர் எழுதிக்கொண்டு வந்தார்கள். அதையும் படித்துக் காட்டச் சொன்னேன்.